உப்புப் பார்க்கிற கை

சாம்பாரைக் கரண்டியால் ஒரு சுழற்று சுழற்றி, இடது உள்ளங்கைக் குழியில் ஒரு மடக்கு ஊற்றி, சர்ரென்று உறிஞ்சிவிட்டுக் கூரையைப் பார்ப்பார் தாமரைச்செல்வி அக்கா. அவர் பார்வை கீழே இறங்கும்வரை, அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கின் அந்தச் சமையலறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. "புளி ஒரு பக்கம் நிக்குது, உப்பு ஒரு பக்கம் நிக்குது. ரெண்டும் பேசிக்கல," என்று தீர்ப்பு வரும். ஒரு சிட்டிகை வெல்லம் விழும். மறுபடி உள்ளங்கை. மறுபடி கூரை. பிறகு ரசத்துக்கு ஒரு தரம், கூட்டுக்கு ஒரு தரம்.

கோபிசெட்டிபாளையத்துக்காரர். கணவர் கந்தசாமி பிளானோவில் ஏதோ பிராஜெக்ட் என்று வார இறுதிக்கு மட்டும் விமானத்தில் வந்து போகிறார். தினமும் சாயங்காலம் எங்களைப் போன்ற கம்ப்யூட்டர் பிரம்மச்சாரிகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது அக்காவின் தொழில். ஆன்ட்டி என்று கூப்பிட்டவனுக்கு அன்றைக்கு ரசம் தண்ணீராகத்தான் வரும். எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிடுவேன் என்பதால் என்மேல் அவருக்குத் தனி இளக்காரம். "உன்ற வாயில இருக்கறது நாக்கா, தோசைத் திருப்பியா?"

சென்ற கோடையில், முழங்கால் இரண்டும் இனி உடம்பைத் தாங்காது என்றாகி, வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். இப்போது வயிறு கோழிமுட்டை அளவு. நாலு வாயில் நிரம்பிவிடும். அந்த நாலு வாயும் முதலில் புரதமாக இருக்க வேண்டும், சாப்பாட்டில் புரோட்டீன் பவுடர் கலந்து சாப்பிடுங்கள் என்பது டாக்டர் உத்தரவு. அக்காவுக்கு அது இறங்கவில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்தார். ரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டர், அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியதுதான் என்றார்.

அமெரிக்காவில் பவுடர் என்றால் இனிப்பு. சாக்லேட், வெனிலா, ஸ்ட்ராபெரி. இதைவிட்டால் வாழைப்பழம். "பருப்புல வெனிலாவைக் கலந்தா அது பருப்பா? செத்துப்போன ஐஸ்கிரீமு," என்று ஒரு டப்பாவை அப்படியே குப்பையில் கவிழ்த்தார். மகள் தென்றல் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஜஸ்ட் ட்ரிங்க் இட், மா" என்றாள்.

"நீ குடி சாமி. உன்ற வயிறு நெறஞ்சா என்ற வயிறு நெறஞ்ச மாதிரி."

எங்கள் வம்சத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதை நானே அக்காவிடம் ஒரு தரத்துக்கு மேல் சொல்லியிருக்கிறேன். அதனால் சனிக்கிழமைதோறும் காரை ஓட்டிக்கொண்டுபோய், கடை கடையாக டப்பாவின் முதுகைப் படித்துச் சொல்லும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. ஒரு கடையில், தொடை கனத்துக்குக் கை வைத்திருந்த பையன், சுவையே இல்லாத பவுடர் எதற்கு என்று அக்காவிடம் கேட்டான். "ஃபார் ரசம்," என்றார் அக்கா. அதுவும் ஒரு கம்பெனியாக்கும் என்று அவன் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டாக் இல்லை என்றான்.

இன்னொரு கடையில் 'சுவையூட்டாதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நானே கண்டுபிடித்து, தலைநிமிர்ந்து வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் ஒரு விரல் வாயில் வைத்தவர் முகம் கோணிவிட்டது. சர்க்கரைக்குப் பதிலாக எதையோ சேர்த்திருப்பதாகக் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது.

"படிச்ச படிப்புக்குக் கடைசி வரியையும் படிச்சிருக்கலாமல்ல?"

கடைசியில் எடிசனில் ஒரு மருந்துக்கடையின் பின் அலமாரியில் கிடைத்தது. வெள்ளை டப்பா. பயில்வான் படம்கூடக் கிடையாது. அங்கேயே பிரிக்கச் சொல்லி, விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் கடையின் கூரையை வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுமே இல்ல தம்பி. சுண்ணாம்புச் செவுத்தை நக்குன மாதிரி இருக்குது!" என்றார். அப்படி ஒரு பூரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. அன்றைக்கே கொதிக்கிற ரசத்தில் போட்டு, பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகி, ரசம் சிங்க்கில் போனது. மறுநாள் பருப்பை ஆறவிட்டுக் கலந்தார். கட்டியில்லை. வாடையில்லை. அதிலிருந்து தினமும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் அக்காவின் பருப்பு தயாராக இருக்கும்.

அப்படியும் அடுத்த பரிசோதனையில் புரதம் இன்னும் இறங்கியிருந்தது. டாக்டர் கடைசியாக ஒரு மாதம் தவணை கொடுத்து, டயட்டீஷியனிடம் அனுப்பினார். அங்கேயும் காரோட்டி நான்தான்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். நேற்று அந்தப் பவுடர் பருப்பை முழுதும் சாப்பிட்டீர்களா? பாதிகூட இறங்கவில்லை. ஏன்? வயிறு நிறைந்துவிட்டது. அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள்? ஒன்றுமே சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, உப்புப் பாத்தீங்களே?"

சடாரென்று திரும்பினார். "அட கிறுக்கா! உப்புப் பாக்கறது சாப்பாடா?"

என்ன பேசுகிறோம் என்று டயட்டீஷியன் கேட்டாள். நான் உள்ளங்கையைக் குழித்து, உறிஞ்சி, கூரையைப் பார்த்துக் காட்டினேன். எத்தனை பாத்திரம் என்று கேட்டுக்கொண்டே மேஜையிலிருந்த சின்னக் கோப்பையில் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் விட்டாள். சாம்பாருக்கு, வெல்லம் போட்டபின் மறுபடி சாம்பாருக்கு, ரசத்துக்கு. கூட்டுக்கு விடும்போது கோப்பை வழிந்தது. அந்தக் கோப்பைதான் அக்காவின் வயிறு.

திரும்பி வரும் வழியெல்லாம் பொருமல். "அவ ஊர்ல உப்புப் பாத்தா கணக்குல சேருமாமா?" வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாமே என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. "துப்பறதுக்கா நான் அடுப்புப் பத்த வெக்கிறேன்? ருசி பாக்காத கொழம்பை ஒருத்தனுக்குக் கட்டிக் குடுக்கறதுக்கு, அந்த மூக்குக் கொழாயே மேலு."

அடுத்த நாள் சாப்பாடு வாங்கக் கொஞ்சம் முன்னதாகவே போனேன். சாம்பார் கொதி வந்திருந்தது. ஸ்டீல் கிண்ணத்தில் பருப்பு ஆறிக்கொண்டிருந்தது. அக்கா கரண்டியைச் சுழற்றினார். இடது கை தானாகவே குழிந்து முன்னால் வந்தது. அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"கைய நீட்டு."

என் உள்ளங்கையில் ஊற்றினார். சூடு பொறுக்காமல் உறிஞ்சிவிட்டு, வழக்கம்போல் வாயைத் திறந்தேன்.

"நல்லா இருக்குன்னு சொன்னே, கரண்டியாலயே போடுவேன். மொதல்ல மேல பாரு."

கூரையைப் பார்த்தேன். அக்கா அடுப்புக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு ஸ்டீல் கிண்ணத்தை எடுக்கும் சத்தம் கேட்டது.