பஞ்சு செயலாளரின் சுன்னத்

பள்ளிவாசல் கமிட்டியின் செயலாளருக்கு ஊர் வைத்த பெயர் பஞ்சு. சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு பஞ்சு உருண்டை இருக்கும். அத்தரில் தோய்த்துக் காதில் செருகிக்கொள்ளத்தான் வைத்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். நடக்கும்போது தரைக்கு வலிக்குமோ என்பதுபோல நடப்பார். பேருந்தில் கூட்டமிருந்தால் அடுத்த பேருந்துக்கு நிற்பார். யாராவது வம்புக்கு இழுத்தால் சிரித்துக்கொண்டே விலகிவிடுவார். "என்ன ஒரு பொறுமை" என்று ஊரே மெச்சியது.

தாடி நெஞ்சுவரை இறங்கியிருந்தது. முழங்கால் அடிக்கடி வீங்கிக்கொள்ளும் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுவார். தொழுது தொழுதே தேய்ந்த முழங்கால் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்தது.

உண்மையில் அவருக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது. பிறவிக் கோளாறு. சவரக்கத்தி ஒரு கீறல் போட்டால் அரை நாள் கசியும், அதனால் தாடி. எங்காவது இடித்துக்கொண்டால் மூட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டும். அதனால் பூனை நடை. அடிதடிக்குப் போனால் திரும்பி வரமாட்டார்; அதனால் பொறுமை. பஞ்சு எதற்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, மனிதருடைய நோயில் பாதி பக்திக் கணக்கில் ஏறியிருந்தது. அதில் அவர் செய்த தப்பு என்று பார்த்தால், மறுத்துப் பேசாதது ஒன்றுதான்.

பிழைப்புக்குப் பொத்தான் கடை. தையல்காரர்களுக்கு வேண்டிய நூல், ஜிப், எலாஸ்டிக், லைனிங் துணி எல்லாம் இருக்கும். சட்டையில் ஒரு பொத்தான் உதிர்ந்துபோய் அதே மாதிரி வேண்டுமென்று வருபவர்களுக்கு, ஜாடி ஜாடியாகக் கொட்டி, நிறம், ஓட்டை, விளிம்பு எல்லாம் பொருந்தும்வரை தேடுவார். கத்தரியிலும் ஊசியிலும் மட்டும் அவர் கை படாது. அது மனைவியின் பக்கம். கேட்டால், "அவ கைராசி" என்பார். அந்த அம்மாள் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

மனைவிக்குத் தெரிந்த இன்னொன்று, குடும்பத்துக்கு வெளியே ஊரில் யாருக்கும் தெரியாது. செயலாளருக்குச் சுன்னத் ஆகவில்லை.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தான். அந்தக் காலத்தில் அவர்கள் குடும்பத்தில் பையனுக்கு விவரம் தெரிந்த பிறகுதான் சுன்னத் செய்வார்கள். அண்ணனுக்குச் செய்தார்கள், ரத்தம் நிற்கவில்லை. துணி மாற்றி மாற்றி வைத்தும் நிற்கவில்லை. பையன் போய்விட்டான். பெரிய மருத்துவமனையிலிருந்து வந்த டாக்டர் சின்னவனையும் சோதித்துப் பார்த்துவிட்டு, இவன்மேல் கத்தி வைக்காதீர்கள் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இது பெண்கள் வழியாக இறங்கும் கோளாறு. அவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, அவர்கள் பெறும் ஆண்பிள்ளைகளைப் பிடிக்கும்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் பெற்ற அத்தாவைப் பயமுறுத்தியது. வீட்டில் பெரிய பெண் ஒருத்தி இருந்தாள். விஷயம் வெளியே போனால் அவளை யார் கட்டுவார்கள்? ஆகவே பெரியவன் காய்ச்சலில் போனான் என்று சொன்னார்கள். சின்னவனுக்கு வயது வந்ததும் ஊரைக் கூப்பிட்டு விருந்து போட்டு, கதவைச் சாத்தி, டாக்டரை வைத்து வெறும் கட்டு ஒன்றைப் போட்டு, "யாராவது பாக்க வந்தா கொஞ்சம் முனகு" என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். பையன் நன்றாகவே முனகினான். வந்தவர்களெல்லாம் அவித்த முட்டையும் பழமும் கொண்டுவந்தார்கள்.

பிறகு அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பிறந்தது எல்லாம் பெண். இவருக்குப் பிறந்தது ஒரு மகன். அப்பாவிடமிருந்து மகனுக்கு இந்த நோய் வராது என்று டாக்டர் சொன்ன பிறகும் ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் சுன்னத் செய்தார். அத்தோடு குடும்பத்தில் இந்தப் பேச்சு ஓய்ந்தது.

இப்படி இருக்கையில்தான் நகராட்சிச் சுகாதாரத்துறை ஒரு வரைவு விதியைக் கொண்டுவந்தது. கைக்குழந்தைக்குச் சுன்னத் என்றால் பதிவு பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், அதற்கு முன் ரத்தப் பரிசோதனை கட்டாயம். அவ்வளவுதான் விதி. ஆனால் சும்மா கிடந்தவர்கள் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. குழந்தையின் உடம்பு குழந்தைக்குச் சொந்தம், வளர்ந்து அவனே முடிவு செய்யட்டும், அதுவரை தடை போடுங்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. டிவியில் ஒரு டாக்டர் இதனால் கிருமித் தொற்று குறையும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர், குளிப்பாட்டினாலே போதும் என்றார். பள்ளிவாசலில், இன்றைக்குச் சோதனை என்பார்கள், நாளைக்குத் தடை என்பார்கள், முளையிலேயே எதிர்க்க வேண்டும் என்று முடிவானது. நகராட்சி கூட்டும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசச் செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். தன்மையாகப் பேசுகிறவர் அவர் ஒருவர்தானே.

அவரும் உட்கார்ந்து எழுதினார். நன்றாகவே எழுதினார். ரத்தப் பரிசோதனையை எதிர்க்கும் பத்தியைக்கூட ஒரே மூச்சில் எழுதி முடித்தார். அத்தனை வருடம் ஒரு பொய்யோடு குடித்தனம் செய்தால் அது பழகிய நாற்காலி மாதிரி ஆகிவிடுகிறது, உட்காரும்போது உறுத்துவதில்லை.

உறுத்த வைத்தது அக்காதான். அவளுடைய மூத்த மகளுக்கு ஆண்குழந்தை பிறந்திருந்தது. அந்த மகளை மருமகளாக எடுத்தவர் கமிட்டித் தலைவர். விதி வருவதற்குள் பேரனுக்குத் தன் வீட்டுக் கூடத்திலேயே, பழைய முறைப்படி, எல்லோரும் பார்க்கச் சுன்னத் செய்யப்போவதாகத் தலைவர் அறிவித்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை. அக்கா அழைப்புச் சொல்லக் கடைக்கு வந்தாள்.

"அக்கா, ரத்தம் பாத்தீங்களா?" என்றார் இவர், குரலைத் தாழ்த்தி.

"எதுக்கு? புள்ள கொழுகொழுன்னு இருக்கான்."

"அண்ணனும் கொழுகொழுன்னுதான் இருந்தான்."

அக்கா கவுண்டரில் கிடந்த பொத்தான்களைக் கையால் ஒதுக்கினாள். "அவ மாமனார் யாருன்னு தெரியும்ல? இப்ப போய் என் வீட்டு ரத்தம் சரியில்லன்னு சொல்லச் சொல்றியா? என் பொண்ணு அங்க வாழ வேணாமா? எல்லாருக்கும் வரணும்னு கட்டாயமா என்ன? நீ வாயத் திறக்காத தம்பி. உனக்கும் நல்லதில்ல."

அக்கா போனபிறகு மனைவி நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அப்பவும் காய்ச்சல்னுதான் சொல்வீங்களா?"

அவர் அக்கா ஒதுக்கிவிட்டுப் போன பொத்தான்களை ஜாடியில் அள்ளிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கமிட்டி கூடியது. பள்ளிவாசல் மாடியறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று ஒரு மின்விசிறி. தலைவர், தொழுகை நடத்தும் ஹஜ்ரத், பொருளாளர், இன்னும் சில உறுப்பினர்கள். தலைவர் முதலில் ஞாயிற்றுக்கிழமை பேச்சை எடுத்தார். "செயலாளரே, புள்ளைய மடியில வச்சுப் பிடிக்கிறது நீங்கதான். உங்க மாதிரி ஆள் மடிதான் வேணும்."

"முதல்ல இத வாசிச்சிடறேன்" என்று செயலாளர் உரையை எடுத்தார். சமய உரிமை பற்றிய பத்தி போயிற்று. தலையாட்டினார்கள். சுத்தம் பற்றிய பத்தி போயிற்று. அதற்கும் தலையாட்டினார்கள். மூன்றாவது பத்திக்கு வந்தார். "எங்கள் முன்னோர்கள் எந்தப் பரிசோதனையும் இல்லாமல்தான் இதைச் செய்து வந்தார்கள். ஒரு குழந்தைக்கும் எதுவும் ஆனதில்லை."

அங்கேயே நின்றுவிட்டார். தண்ணீர் வேண்டுமோ என்று பொருளாளர் குவளையை நகர்த்தினார்.

"இது பொய்" என்றார் செயலாளர்.

"எது?"

"ஒரு குழந்தைக்கும் எதுவும் ஆனதில்லைங்கறது. எங்க அண்ணன் செத்தது இதுலதான்."

"காய்ச்சல்னுல்ல சொன்னாங்க?"

"காய்ச்சல்னு சொன்னோம்." வந்தது வந்தாயிற்று, இனி பாதியில் நிறுத்த முடியாது என்று அவருக்குத் தோன்றியது. ரத்தம் உறையாத கதையை முழுக்கச் சொன்னார். அக்கா வழியாக அது எங்கே இறங்கியிருக்கலாம் என்பதைத் தலைவரின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

தலைவருக்கு அது மெல்லத்தான் உள்ளே போனது. வேறெங்கோ பிடித்துக்கொண்டார். "அப்ப உங்களுக்கு?"

"எனக்குச் செய்யல."

"உங்க அத்தா விருந்து போட்டாரேய்யா. நான் வந்து முட்டை குடுத்தேனே. நீங்க முனகிட்டுப் படுத்திருந்தீங்க."

"முட்டை நல்லா இருந்துச்சு தலைவரே."

பொருளாளர் சிரித்துவிட்டார். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு இருமுவதுபோல மாற்றிக்கொண்டார்.

ஹஜ்ரத் மட்டும் நிதானமாக இருந்தார். "உயிருக்கு ஆபத்துன்னா மார்க்கம் கட்டாயப்படுத்தல. அன்னைக்கே யாராவது எங்க மாதிரி ஆள்கிட்ட கேட்டிருந்தா இதத்தான் சொல்லியிருப்பாங்க. நீங்க மறைக்க வேண்டிய விஷயமே இல்ல இது."

தைரியம் சொல்லத்தான் சொன்னார். ஆனால் செயலாளருக்கு அது அடி மாதிரி விழுந்தது. ஆயுசு முழுக்கக் காவல் காத்த பெட்டியில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை விசேஷம் நடக்கவில்லை. குழந்தையின் ரத்தத்தை எடுத்தார்கள். முடிவு வந்தது, இவருக்கு இருக்கும் அதே கோளாறு. அன்று மாலையே தலைவர் கடைக்கு வந்தார். வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஜாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "அந்த ரத்தப் பரிசோதனைப் பத்திய மட்டும் எடுத்துடுங்க. சோதனை இருந்துட்டுப் போகட்டும். தடை கிடைன்னு பேசறவனுங்கள விடாதீங்க" என்றார். நன்றி என்ற வார்த்தை அவர் வாயில் வந்து பழக்கமில்லை. எழுந்து போகும்போது செயலாளரின் தோளைத் தட்டப்போய், ரத்தம் கட்டிவிடுமோ என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் செயலாளர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார். அக்கா மகள் வராந்தா பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர்; எதையும் வரிசையாகக் கேட்கிற பெண். இவர் மனதுக்குள், பிள்ளையைக் காப்பாற்றினீங்களே மாமா என்று அவள் அழுவாள், தான் தேற்ற வேண்டும் என்ற ஏற்பாட்டோடுதான் வந்திருந்தார். அவள் அழவில்லை.

"அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். உங்க வீட்டு மாமிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது" என்றாள். "சரி, அது பழைய கதை. வெள்ளிக்கிழமை சொல்லணும்னு முடிவு பண்ணீங்கல்ல? பள்ளிவாசல்ல அத்தனை ஆம்பளைங்க முன்னாடி சொன்னீங்க. எனக்கு யார் சொன்னது தெரியுமா? எங்க மாமனார். என் உடம்புல என்ன இருக்குன்னு எங்க மாமனார் வாயால கேட்டேன் மாமா. எங்க வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவுல ஒரு தெருதானே. என்கிட்ட வரணும்னு உங்களுக்குத் தோணலயா?"

தோன்றவில்லை. அதுதான் நிஜம். பிள்ளை யாருடைய மடியில் என்பது பற்றி யோசித்தார், ஊர் என்ன சொல்லும் என்பது பற்றி யோசித்தார், தலைவரைப் பற்றி யோசித்தார். பெற்றவளைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவருக்குக் கூசியது. கமிட்டியில் சொன்னபோதுகூட இப்படிக் கூசவில்லை.

"தப்புதாம்மா" என்றார்.

"தப்பு இருக்கட்டும். தங்கச்சிக்கு யார் சொல்றது?"

"சின்னவளுக்கா?" என்றார்.

"அவளுக்கு அடுத்த மாசம் பிரசவம். ஆணோ பொண்ணோ தெரியாது. அவ ஊர்ல பொறந்த கையோட செஞ்சிடுவாங்க."

"உங்கம்மா சொல்லட்டுமே..." என்று இழுத்தார். சொல்லும்போதே அந்த இழுப்பு அவருக்கே பிடிக்கவில்லை.

"அம்மா சொல்ல மாட்டாங்க" என்றாள் அவள். போனில் தங்கையின் எண்ணைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

வராந்தா நிறைய ஆட்கள். மருந்துச் சீட்டோடு நிற்கிறவர்கள், பிள்ளைகளை ஆட்டிக்கொண்டு நடக்கிறவர்கள், அவருடைய கடைக்கு வருகிற ஒரு தையல்காரர்கூட இருந்தார். மணி அடித்தது. அந்தப் பக்கம் சின்னவள் எடுத்தாள். "மாமா? என்ன, அதிசயமா?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்றார் அவர். "எனக்குச் சுன்னத் செய்யல."

தையல்காரர் திரும்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்த இரண்டு பெண்களும் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தாமல், ஏன் செய்யவில்லை என்பதை அவளுக்கு விளங்கும்படி ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.