மூன்று மாதத்து மாத்திரை

ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகளுக்கு இது தலைப்பிரசவம். மூன்று மாதம் போய் அவளோடு தங்கிவிட்டு வருவது என்று முடிவானதும் என் வீட்டுக்காரர் போய்ப் புதுப் பெட்டி வாங்கினார். நான் மாத்திரையைப் பற்றி யோசித்தேன். எனக்கு வலிப்பு உண்டு. கல்யாணத்துக்கு முன்பே வந்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறேன். கடைசியாக வந்து பல வருஷம் ஆகிவிட்டது. சமைக்கிறேன், பசாருக்குப் போகிறேன், தேவைப்பட்டால் சண்டையும் போடுகிறேன். காடி மட்டும் ஓட்டுவதில்லை. மாத்திரை இல்லாமல் நாலு நாள் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் பரிசோதித்துப் பார்த்ததில்லை, பார்க்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

வீடு புக்கிட் தெங்காவில் ஒரு பிளாட். வைத்தியம் பாலம் தாண்டித் தீவுப் பக்கம், ஜார்ஜ் டவுனில் அரசாங்க ஆஸ்பத்திரியில். வழக்கமாக மாதத்துக்கு ஒரு முறை போய் வரிசையில் உட்கார்ந்து வாங்கி வருவேன். இந்த முறை விமான டிக்கெட்டையும் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் காட்டியதும், மருந்துக் கவுண்டரில் இருந்த பெண் மூன்று மாதத்துக்கும் சேர்த்து எடுத்து வைத்தாள். தமிழ்ப் பெண்தான். என் மகள் வயது இருக்கும்.

"ஆன்ட்டி, இத இப்படியே கவரோட கொண்டு போங்க. கைப்பையில வைங்க, பெரிய பெட்டியில போடாதீங்க. அங்க எறங்குறப்ப ஒரு கார்டு குடுப்பாங்க, அதுல மருந்து இருக்குன்னு டிக் பண்ணிருங்க. கேட்டா லெட்டர காட்டுங்க. அவ்வளவுதான் லா, பயப்பட ஒன்னும் இல்ல."

பக்கத்தில் நின்ற இவர், தனக்கே வலிப்பு மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டினார். அத்தனையும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி மாத்திரை பிளாஸ்டிக் உறையில் வரும். உள்ளே அட்டை அட்டையாக மாத்திரை, உறையின் மேலே ஒரு சீட்டு. என் பெயர், மருந்தின் பெயர், எத்தனை வேளை, எதற்காக, எல்லாம் மலாயில் அச்சாகியிருக்கும். எதற்காக என்ற இடத்தில் 'சவான்' என்று இருக்கும். மலாயில் வலிப்புக்கு அதுதான் பெயர். இங்கே பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த சொல்.

அந்த வாரக் கடைசியில் மகள் வீடியோவில் வந்தாள். வயிற்றைக் காட்டினாள், கால் வீக்கத்தைக் காட்டினாள், பிறகு விஷயத்துக்கு வந்தாள். "அம்மா, அத்தையும் அதே சமயத்துல வர்றாங்க. ஒரே வீடு, ஒரே பாத்ரூம். அந்த மருந்து கவர்ல இருக்குற சீட்டெல்லாம் உரிச்சிட்டு வாங்கம்மா."

அத்தை என்றால் அவள் மாமியார், ஈப்போவில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்திரேலியாவில் அந்தச் சீட்டைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் சம்பந்தியம்மாதான். கல்யாணம் பேசியபோது என் வியாதியைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. மருமகனிடம் மட்டும் மகளே சொல்லிவிட்டாள். பெரியவர்களிடம் வேண்டாம் என்று என் அண்ணன்மார், இவர், மகள் எல்லாருமாகக் கூடித் தீர்மானித்தார்கள். என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள், மரியாதைக்கு. நம் ஆட்களுக்கு இனிப்புநீரும் பிரஷரும் விருந்தில் உட்கார்ந்து பெருமையாகப் பேசிக்கொள்ளும் வியாதி. "உங்களுக்கு எவ்வளவு, எனக்கு இவ்வளவு" என்று ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைப் போட்டி போட்டுச் சொல்வார்கள். வலிப்புக்கு அந்தக் கௌரவம் கிடையாது. அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கு, பெண்ணுக்கு இருந்தால் பிள்ளைக்கு என்று கணக்கு போட ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சுங்கை பாக்காப்பில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டேன். அங்கே இரண்டு நாள். திரும்பி வந்தபோது இவர் முகத்தில் ஒரே பிரகாசம்.

இவர் ஜுருவில் கார் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாமானைக் கண்டாலும் பிரித்து, நட்டு தனி, ஸ்குரு தனி என்று போத்தலில் போட்டால்தான் கை அடங்கும். சீட்டை உரிக்கத்தான் மகள் சொன்னாள். இவர் மூன்று மாதத்து மாத்திரையையும் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, வைட்டமின் சி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு காலிப் போத்தலில் நிரப்பி வைத்திருந்தார். உறை, சீட்டு, அட்டை எல்லாம் குப்பைக்குப் போய்விட்டது.

"இனிமே சம்பந்தியம்மா முன்னாலேயே எடுத்து வாயில போடலாம். வைட்டமின்னு நினைச்சுக்குவாங்க. எப்படி நம்ம ஐடியா?"

"உங்க மூளையையும் கழட்டி ஒரு போத்தல்ல போட்டு வச்சிட்டீங்களா?" என்றேன். ஆனாலும் உள்ளூர, பரவாயில்லையே என்று தோன்றியது. அந்த மாதத்து மாத்திரை தனியாக இருந்ததால் போத்தலை நான் தொடவில்லை. அது சமையலறையில் ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

பெட்டி கட்டும் நாளில் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. மூடியைத் திறந்தால், மழைக்காலத்து வெல்லம் மாதிரி எல்லாம் பிசுபிசுத்து ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் குத்தினேன், ஒன்றுகூடப் பிரியவில்லை. அய்யோ, இதை நம்பிக் கடல் தாண்டிப் போயிருந்தால்?

மறுநாள் காலை இருவரும் அதே கவுண்டரில் நின்றோம். அந்தப் பெண் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரு ஆன்ட்டி பிரிச்சது?"

இவர் மேலே ஓடிக்கொண்டிருந்த டோக்கன் நம்பரை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிளா?" என்று சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திச் சொன்னாள். "இந்த மருந்து காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும். அதுக்குத்தான் அட்டையிலேயே இருக்கணும், போடுற நேரத்துலதான் பிரிக்கணும். நம்ம ஊரு புழுக்கத்துக்குக் கேக்கவே வேணாம். அப்புறம், வைட்டமின் போத்தல்ல வேற மாத்திரைய வச்சிக்கிட்டு ஏர்போர்ட்ல நின்னா, அங்க என்ன நினைப்பாங்க? பிடுங்கிட்டாங்கன்னா மாத்திரைக்கு எங்க போவீங்க?"

டாக்டரிடம் திருப்பி அனுப்பினாள். அவர் ஒரு பாட்டம் திட்டிவிட்டு மறுபடியும் எழுதிக் கொடுத்தார். உச்சி வெயிலில் வெளியே வரும்போது என் கைப்பையில் மூன்று மாதத்து மாத்திரை புதிதாக இருந்தது. உறைக்கு உறை சீட்டு, சீட்டுக்குச் சீட்டு சவான்.

பசி. பக்கத்தில் மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. அங்கே உட்கார்ந்து ரொட்டி சானாயும் தேத்தண்ணியும் சொன்னோம். இவர் மெதுவாக ஆரம்பித்தார். "இந்தத் தடவ மாத்திரைய நான் தொடல. சீட்ட மட்டும் உரிச்சிட்டு..."

நான் போனை எடுத்து மகளை வீடியோவில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அப்பாவின் கைங்கரியத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிச்சது போதும். சீட்ட நான் உரிக்க மாட்டேன். ஏர்போர்ட்ல மருந்த எடுத்துக்கிட்டாங்கன்னா, நான் அங்க வந்து விழுந்து கிடக்கணும். இப்படியேதான் கொண்டு வருவேன். வேணாம்னா சொல்லு, வரல."

"அம்மா, அத்தை பாத்துட்டா?"

"பாத்தா பாக்கட்டும். கல்யாணம் முடிஞ்சிருச்சு, புள்ளையும் வரப் போவுது. இனிமே அவங்க என்ன பண்ணிருவாங்க?"

"என்னைய ஒன்னும் பண்ண மாட்டாங்கம்மா. புள்ளைய உங்க கையில குடுக்க மாட்டாங்க. கீழ போட்டுருவீங்கன்னு பயப்படுவாங்க. மூனு மாசமும் நீங்க சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும். அதுக்குத்தான் உரிக்கச் சொன்னேன். எனக்காக இல்ல."

அதுவரை மகளின் மாமியார் வீட்டு மானத்துக்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம் என்று நினைத்திருந்தேன். என்னைக் காப்பாற்றத்தான் என்னை மறைத்திருக்கிறார்கள். எனக்கு வலித்தது. அடக்கிக்கொள்ளும் ஆள் இல்லை நான், கேட்டுவிட்டேன்.

"அவங்கள விடு. நீ குடுப்பியா?"

இவர் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைத் தட்டில் வைத்தார். போனில் மகள் முகம் அசையவில்லை. லைன் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு கண்ணை இமைத்தாள்.

"குடுப்பேன்மா," என்றாள். "ஆனா தரையில உக்காந்து வாங்கிக்கிறீங்களா?"

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை.

"உன்ன எப்படி வளத்தேன்னு நினைச்ச? தரையில உக்காந்துதான்டி தூக்குனேன். ஒரு நாளாச்சும் நின்னுகிட்டு தூக்கியிருப்பேனா, உங்கப்பாவ கேளு. உனக்குத் தண்ணி ஊத்தக்கூட அவர் பட்டறை விட்டு வர்ற வரைக்கும் காத்துகிட்டு இருப்பேன்."

"தெரியும்மா," என்றாள் மகள். "எல்லா போட்டோவுலயும் நீங்க தரையிலதானே இருக்கீங்க. உங்க கையில நான் ஒரு தடவகூட விழுந்ததில்லன்னு அத்தைகிட்ட நானே சொல்லிர்றேன். சீட்டு இருக்கட்டும்."

மாமாக் கடையில் உட்கார்ந்து அழுதேன். சாப்பிட வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.