கூப்பிட்டால் திரும்பாத நாய்

வேலைக்காக வெளிநாடு போன மகன், தன் பீகிள் நாயைப் பாபநாசத்தில் என்னிடம் விட்டுப்போனான். கூடவே ஒரு தாளில் எழுதியும் கொடுத்தான். வாரம் ஒருமுறை காதைத் துடைக்க வேண்டும். எவ்வளவு தின்றாலும் பசிக்கிற மாதிரி நடிக்கும், ஏமாறக் கூடாது. கயிறில்லாமல் வெளியே விடவே கூடாது. வாசனை பிடித்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் திரும்பாது. நாய்க்கு இத்தனை சட்டமா என்று தாளை மடித்து ஜன்னலில் சொருகினேன்.

எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. தயிர்சாதம் போட்டேன். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் அது நாளெல்லாம் ஊளையிடும். காதில் சீழ் பிடித்து நாறியது. நான் தொடவில்லை.

சம்பா கதிர் வரும் சமயம், என் நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவர் வாசலில் வந்து நின்றார். "வரப்பெல்லாம் கருவாட்டுல எலி மருந்து கலந்து வச்சிருக்கேன். நாயக் கட்டியே வைங்கய்யா."

"சரிங்க" என்றேன். அவர் தெருமுனை திரும்பியதும் கயிற்றை அவிழ்த்தேன். மூக்கைத் தரையில் பதித்து, வாலைத் தூக்கிக்கொண்டு வயலைப் பார்த்து ஓடியது. வந்த நாளிலிருந்து அது அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

செத்த செய்தியைப் போனில் சொன்னேன். "கயிற அத்துக்கிட்டு ஓடிடுச்சுடா. கூப்பிட்டுப் பாத்தேன், திரும்பல."

மகன் அழுதுகொண்டே எனக்கு ஆறுதல் சொன்னான். "நீங்க என்னப்பா பண்ணுவீங்க? அதோட சுபாவம் அப்படி."

சுபாவம் அப்படித்தான். ஆனால் நான் கூப்பிடவே இல்லை.