டெல்பின் சித்தி காப்பாற்றிய வள்ளம்

“ஏளா, இவங்களும் வனத்துறைக்காரங்களும் ஒரே ஆளுகதான?”

கடலோரக் காவல் படை அலுவலக வாசலில் நின்று டெல்பின் சித்தி என்னிடம் கேட்டாள். நான் பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்தேன். அமைச்சகங்கள், துறைகள் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான். ஆனால் அந்த வாசலில் எனக்குப் பதில் தெரியவில்லை.

சித்தி பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே வெகு தூரத்தில் இருக்கும் மணப்பாடு. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவள். ஹென்றி சித்தப்பா சங்கு குளிப்பவர். காலையில் அவர் எழுந்திருக்கச் சோம்பல்பட்டால், “படுத்துக்கிடும். சங்கு தானா நடந்து வந்து கதவத் தட்டும்” என்பாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போவார். அவர்களுக்கென்று இருந்தது ஒரு வள்ளம்தான், எஞ்சின் பூட்டிய சின்னப் படகு. அவள் நகையை விற்றும் அவர் மூச்சைப் பிடித்தும் வாங்கியது.

அன்று அவரும் சித்தியின் தம்பி அமலன் மாமாவும் தூத்துக்குடிக் கரைக்குப் பக்கத்தில் உள்ள வான் தீவுக்குப் போயிருந்தார்கள். தீவுகளைச் சுற்றியுள்ள அந்தக் கடல் தேசியப் பூங்கா. உள்ளே போய்ச் சங்கு எடுக்கக் கூடாது. நீரோட்டம் பலமாக இருந்தது. முங்கிய சித்தப்பாவின் தலை வெகு தூரம் தள்ளித்தான் மேலே தெரிந்ததாம். கையை ஆட்டியிருக்கிறார். மாமா நங்கூரத்தை இழுத்து எஞ்சினைக் கிளப்புவதற்குள் காணவில்லை. தேடிப் பார்த்துவிட்டுக் கரைக்கு ஓடி வந்தார்.

வாசலில் சித்தி கேட்டதற்கு மாமாதான் பதில் சொன்னார். “எல்லாம் ஒரே கவர்மெண்டுதாங்க்கா. இங்கன சொன்னா அங்கன போயிரும். தீவுன்னு வாயத் தொறக்காத. வள்ளத்தப் பிடிச்சிட்டுப் போயிருவான்.”

சித்தி கண்ணைத் துடைத்தாள். “நீச்சக்காரரு, எப்படியும் வந்துருவாரு. வள்ளம் இல்லாட்டி எதுல கடலுக்குப் போவாரு?”

உள்ளே தமிழ் தெரிந்த ஒரு வீரர் இருந்தார். நாகர்கோவில்காரர். “எந்த இடம்மா?” என்றார்.

“மணப்பாட்டுக்குக் கிழக்க.”

அது அவள் சிறு வயதிலிருந்து பார்த்த கடல். பாறை எங்கே, ஆழம் எவ்வளவு, காற்றுக்கு நீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தடுமாறாமல் சொன்னாள்.

“நல்ல விவரமாச் சொல்லுதீங்கம்மா” என்றார் அவர். உடனே போனில் பேசினார். கப்பல் தெற்கே போனது.

வெளியே வந்ததும் சித்தி நின்றாள். “வள்ளத்தப் பத்தி ஒண்ணுமே கேக்கலியேடா?”

“கேப்பான், பொறு” என்றார் மாமா.

இரண்டு நாள் தெற்கே தேடினார்கள். மூன்றாம் நாள் காலையில், வலை போடப் போனவர்கள் சித்தப்பாவை வான் தீவின் ஓரத்தில் கண்டார்கள். சங்கு போடும் பை இடுப்பிலேயே இருந்தது.

அடக்கத்துக்கு அந்த வீரரும் வந்திருந்தார். “மணப்பாட்டுல காணாமப் போனவரு எப்படிம்மா அங்கன?” என்று மெதுவாகக் கேட்டார். சித்தி உண்மையைச் சொன்னாள். 

“ஆளத் தேடும்போது எங்களுக்கு இடந்தாம்மா வேணும். மத்ததெல்லாம் பொறவு” என்றார் அவர்.

அதன்பிறகுதான் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கடலோரக் காவல் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழே இருக்கிறது. தீவுக் கடலைக் காப்பது மாநில அரசின் வனத்துறை. அதன் சட்டம் வேறு, அதிகாரிகள் வேறு. துறைமுகத்துக்கு இன்னொரு அமைச்சகம். எங்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே அரசாங்கம்தான், ஆனால் வேலை வேறு வேறு. சில நேரம் ஒரு துறை இன்னொன்றிடம் வழக்கை ஒப்படைக்கவும் செய்யும். ஆனாலும் கடலில் ஓர் உயிர் தவிக்கும்போது, தேடுகிறவர்களுக்குத் தேடுவதுதான் முதல் வேலை. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை.

முதல் நாளே வான் தீவில் தேடியிருந்தால் சித்தப்பா பிழைத்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. சித்தி மட்டும் தினமும் கேட்கிறாள். வள்ளம் இன்னும் மணலில்தான் கிடக்கிறது. அதைப் பிடிக்க எந்தத் துறையும் வரவில்லை. மாமா அதில் ஏறுவதில்லை. விற்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

“அவருக்காகத்தானளா அப்பிடிச் சொன்னேன்” என்கிறாள்.

இதைப் படிக்கிறவர்கள் கடலுக்குப் போகிற ஒரு வீட்டிலாவது சொல்லுங்கள். ஆளைக் காணோம் என்றால் கடலோரக் காவல் படையின் 1554-க்குக் கூப்பிடுங்கள். எந்தக் கடலாக இருந்தாலும் உண்மையான இடத்தைச் சொல்லுங்கள். இதை எழுதலாமா என்று சித்தியிடம் கேட்டேன். தன் பெயரையும் சேர்த்தே சொல்லச் சொன்னாள்.