வேகாத நடுத்துண்டு

பேக்கரிக்கார அண்ணி அதட்டினால் ஈஸ்ட் போடாமலே மாவு பொங்கும் என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். அதில் பாதிதான் பொய். அப்பேர்ப்பட்ட தொண்டை ஒரு வசந்தகாலக் காலையில் அடைத்துப்போனது.

இருபது வருடப் பழக்கம் அவளுக்கு. ஆப்பிள் கூடை வந்ததும் ஒரு துண்டு நறுக்கி, வேகவைக்காமல் மென்று பார்ப்பாள். ஆப்பிள் பை என்கிற பலகாரத்துக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அந்த நாக்குதான் தீர்ப்புச் சொல்லும். அன்று நாக்கு அரித்தது. உதடு தடித்தது. தொண்டைக்குள் யாரோ கயிறு போட்டு இறுக்கினார்கள். கத்த வாயெடுத்தாள், காற்றுதான் வந்தது.

கடையில் கூடமாட வேலை பார்க்கும் நாத்தனார்தான் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். ஊசி போட்டதும் மூச்சு திரும்பியது, பயம் போகவில்லை.

“எவனோ ஆப்பிள்ல விஷம் வெச்சுட்டான் டாக்டரம்மா!”

“விஷமும் இல்ல, மண்ணும் இல்ல. கடை வாசல்ல என்ன மரம்?”

“பிர்ச். இப்ப மஞ்சத்தூளா கொட்டுது. வருஷா வருஷம் தும்மிச் சாவேன்.”

“அந்த மகரந்தத்துல ஒரு புரதம் இருக்கு. ஆப்பிள்ல இருக்கறது அதுக்குச் சித்தி பொண்ணு மாதிரி. ரெண்டும் ஒரே மாதிரி மடிஞ்சிருக்கும், அதே முகஜாடை. மரத்து மேல இருக்கற கோவத்துல உங்க உடம்பு ஆப்பிளைப் போட்டு அடிக்குது.”

“அப்ப கடையை மூடணுமா?”

“நல்லா வெந்தா மடிப்பு கலைஞ்சுடும். உடம்புக்கு ஆள் அடையாளம் தெரியாது. ஆனா வீட்ல விளையாடாதீங்க. என் கண்ணு முன்னாடி சாப்பிட்டுப் பாக்கணும்.”

அடுத்த வாரம் நாத்தனார் சுட்ட ஆப்பிள் பையோடு போனார்கள். தட்டில் ஊசி தயாராகக் கிடந்தது. அண்ணி ஒரு கரண்டி அள்ளினாள். கரண்டி உதடுவரை போய் நின்றது. வாசனை சரியில்லை. நடுத்துண்டை நகத்தால் அழுத்தினாள். வேகாத ஆப்பிள் நறுக்கென்றது.

“மேல பொன்னிறமா இருந்துச்சே அண்ணி…” நாத்தனாரின் முகம் வெளுத்தது.

“மேல என்னடி பார்வை? நடுவுல குத்திப் பாக்க மாட்டியா? என்னை அனுப்பி வைக்கவே வந்தியா?”

வார்டே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் அவளே சுட்டு, நான்கு இடத்தில் குத்திப் பார்த்து எடுத்துப்போனாள். பட்டாணி அளவு விழுங்கிவிட்டு, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தபடி கடிகாரத்தையே பார்த்தாள். அரை மணி. ஒன்றுமில்லை. பிறகு ஒரு கரண்டி. அப்போதும் ஒன்றுமில்லை.

இப்போதெல்லாம் கூடை வந்ததும் வேகாத துண்டை மெல்வது நாத்தனார். ஜன்னலைச் சாத்திவிட்டு, “புளிக்குதா?” என்று தள்ளி நின்று கேட்கிறாள் அண்ணி. கேட்கும்போதே கை தானாகத் தொண்டைக்குப் போய்விடுகிறது.