இரட்டைப்படை வீடுகள்

ஜசிந்தா பிரானிகன் எங்களுக்கு எதிர்க்கட்சிக்காரி. ஆனாலும் இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு தேர்தல் எண்ணிக்கைக்கும் நானும் அவளும் ஒரே கம்பித் தடுப்பில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறோம். டப்ளினில் அது வழக்கம். அதிகாரிகள் பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளைப் பிரிக்கும்போது, யாருக்கு முதல் விருப்பமாக ஒன்றாம் எண் விழுந்திருக்கிறது என்று தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துப் பென்சிலால் கோடு போடுவோம். ஒரே ஆளால் எல்லாப் பெட்டியையும் பார்க்க முடியாது. அதனால் ஊரெல்லாம் அடித்துக்கொள்ளும் கட்சிகள் அன்று காலை மட்டும் பெட்டிகளைப் பங்கு போட்டுக்கொள்ளும். முடிவை ஒலிபெருக்கியில் வாசிப்பதற்கு நாலு மணி நேரம் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். தலைகீழாகக் கிடக்கும் சீட்டைக்கூட ஜசிந்தா தினசரிப் பேப்பர் படிப்பதுபோல் படிப்பாள்.

பிழைப்புக்குப் பள்ளிக்கூடச் சமையல்கட்டு. முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போடுகிறவள். தலைக்கு ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதான். சொந்த மகள் லோர்னா தட்டை நீட்டினாலும் அதே ஒரு கரண்டி. இவ்வளவு கறாரான பெண் டெஸ்ஸி டாலன் விஷயத்தில் மட்டும் பக்தை. டெஸ்ஸி எங்கள் தொகுதி எம்.பி. ஓதம் கசியும் ஒற்றை அறையில் கைக்குழந்தையோடு அவள் இருமிக்கொண்டிருந்த காலத்தில், மாநகராட்சிப் படிக்கட்டில் மூன்று நாள் உட்கார்ந்து, செயின்ட் பெனன் தெருவில் முப்பத்தெட்டாம் எண் வீட்டுச் சாவியை வாங்கிக் கொடுத்தவர். அன்றிலிருந்து அவருக்காக அவள் ஏறாத மாடி இல்லை, தட்டாத கதவு இல்லை.

எங்கள் தொகுதிக்கு நாலு இடம். வாக்காளர் தனக்குப் பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவார். சுற்றுக்குச் சுற்று கடைசி ஆளைக் கழித்து, அவருடைய சீட்டுகளை அடுத்த எண்காரருக்குக் கொடுப்பார்கள். இந்த முறை ஜசிந்தாவின் கட்சி டெஸ்ஸியோடு நூலா ஃபோலி என்ற இளம் வக்கீலையும் நிறுத்தியது. ஒன்றாம் எண்ணையெல்லாம் டெஸ்ஸியே வாரிக்கொண்டால் நூலா சீக்கிரமே காலி. இரண்டு பேரும் கரையேற வேண்டுமென்றால் தெருக்களைப் பங்கு பிரிக்க வேண்டும். பிரித்தவள் ஜசிந்தாதான். தன் செயின்ட் பெனன் தெரு உட்பட எல்லாத் தெருவையும் நட்டநடுவில் இரண்டாக்கினாள். ஒற்றைப்படை வீடுகளின் முதல் எண் டெஸ்ஸிக்கு, இரட்டைப்படை வீடுகளின் முதல் எண் நூலாவுக்கு. “எனக்கு இரண்டாம் எண் போதும், முதல் எண்ணை நூலாவுக்குக் கொடுங்கள்” என்று டெஸ்ஸியே கையெழுத்துப் போட்டு இரட்டைப்படை வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினார்.

தேர்தலுக்கு முந்தின வாரம் அவளை ரொட்டிக்கடையில் பார்த்தேன்.

“உன் வீடு முப்பத்தெட்டாச்சே மகராசி. கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம்ல?”

“எனக்காகத் தள்ளினா நாளைக்கு அவனவன் தள்ளுவான். நீ போயி உன் கட்சியைப் பாரு, டோனல்.”

அவள் கணவன் ரே பஸ் ஓட்டுகிறவன், வாயைத் திறக்காத மனிதன். அவனே, “தலைக்குமேல கூரை வாங்கிக் குடுத்தவருக்கு ரெண்டாவது நம்பரா?” என்று முறுக்கிக்கொண்டானாம். அவனிடமும் லோர்னாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வாக்குச்சாவடிக்குள் விட்டாள்.

எண்ணிக்கை நாள் காலையில் அவள் தெருப் பெட்டி எங்கள் இருவர் பங்குக்கு வந்தது. கோடுகளைக் கூட்டினால் டெஸ்ஸிக்கு நூற்று எழுபத்தொன்று, நூலாவுக்குப் பத்தொன்பது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“தெருவுல பாதி இரட்டைப்படை. அதுல உன் பேச்சைக் கேட்டது பத்தொம்பதே பேரு!”

“வாசல்ல நின்னு, நூலாவுக்குத்தான்னு அடிச்சுச் சொன்னாளுங்க, டோனல்!”

“ஓட்டுக் கேட்டு வந்தவங்ககிட்ட எவ உண்மை சொல்லியிருக்கா?”

“நாங்க சொல்லியிருக்கோம். மூணு பேரு,” என்றாள் விறைப்பாக.

அவள் தெரு இப்படி என்றால் வடக்கே புதுக் குடியிருப்புகள் நேர் எதிர். அங்கே டெஸ்ஸியை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. கடிதத்தில் சொன்னபடியே நூலாவுக்கு முதல் எண் போட்டுவிட்டார்கள். எட்டாம் சுற்று முடிந்தபோது மூன்று இடம் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு எங்கள் கட்சி ஆள், நூலா, டெஸ்ஸி என்று மூவர். மூவரில் கடைசி டெஸ்ஸி: ஆறாயிரத்து இருநூற்று நான்கு. நூலாவுக்கு ஆறாயிரத்து இருநூற்று ஒன்பது.

மறுநாள் சீட்டுகளை மறுபடி எண்ணினார்கள். வித்தியாசம் அதே ஐந்தாகவே இருந்தது. டெஸ்ஸியைக் கழித்தார்கள்; அவருடைய சீட்டுகள் நூலாவுக்குப் போக, நாலாவது இடம் அவளுக்கு. எங்கள் ஆளுக்கும் நாமம்தான்.

நூலாவிடமிருந்து மூன்றே சீட்டு டெஸ்ஸி பக்கம் வந்திருந்தால், ஐந்து பின்னால் என்பது ஒன்று முன்னால் ஆகியிருக்கும். எனக்கே அது உடனே உறைத்தது. ஜசிந்தா பென்சிலைத் தடுப்பின்மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஆள் தோற்றதைவிட அவள் முகம்தான் எனக்கு வருத்தமாக இருந்தது.

“ஓட்டு ரகசியம்டீ,” என்றேன். “டெஸ்ஸி கேட்டா அவருக்குத்தான் போட்டேன்னு சொல்லிடு. தெருவே பொய் சொல்லுது, நீ ஒருத்தி சொன்னா என்ன?”

டெஸ்ஸி தன் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் கைகொடுத்துக்கொண்டே வந்தார். அவர் இவளிடம் வந்து கையைப் பிடித்ததும், அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

“டெஸ்ஸி, எங்க வீட்டு மூணும் நூலாவுக்குத்தான்.”

அவரும் கணக்குத் தெரிந்த ஆள். கோபப்படுவார் என்று நினைத்தேன், சிரித்தார்.

“அடிப் பைத்தியமே! எங்க வீடும் இரட்டைப்படைதான். என் பொண்டாட்டியும் அந்த லெட்டர்படி போடல, நானும் போடல. ரெண்டு ஒண்ணாம் நம்பரும் எனக்குத்தான்.”

ஜசிந்தா கையை இழுத்துக்கொண்டாள்.

“அப்ப அதை யாருக்குத்தான் எழுதினீங்க?”

அதற்குள் அரங்கின் அந்தக் கோடியில் நூலாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். “வாங்க, எல்லாரும் வாங்க, கை தட்டுங்க!” என்று கட்சிச் செயலாளர் கூவினார். டெஸ்ஸி வாசல் பக்கம் திரும்பி நடந்தார். ஜசிந்தா போய்க் கூட்டத்தோடு நின்று, மூக்கைக்கூடத் துடைக்காமல் அழுதபடி, நிறுத்தச் சொல்லும்வரை கை தட்டினாள்.