மாமி வரும்வரை முப்பத்தெட்டு நாள்

போன மாதம் ஒரு கலியாண வீட்டில், என் வயதுக்காரர் ஒருவர் சாப்பிட்டு வாய் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத்தான் மனவருத்தம், மண்ணாங்கட்டி எல்லாம். எங்கட காலத்தில அவ்வளவு பெரிய காய்ச்சல் வந்தும் நாங்கள் கல்லு மாதிரி இருந்தனாங்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓம், இருந்திருப்பியள். நீங்கள் வெளியில திரிஞ்சனியள். நான் உள்ளுக்கை கிடந்தனான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிராது. அதனால்தான் எழுதுகிறேன்.

காடு வெட்டி அமைத்த உருத்திரபுரம் கொலனியில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. ஐயா, அம்மா, நான், மூன்று பேர்தான். எனக்குப் பதின்மூன்று முடிந்து சில மாதம். உலகமெல்லாம் சுற்றிய காய்ச்சல் அந்த வருடம் எங்கள் கொலனிக்குள்ளும் புகுந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மூடி மூன்றாம் நாள் நான் பெரியபிள்ளையானேன். வந்த நேரத்தைப் பாருங்கள்!

நெல் மூட்டை அடுக்கும் அறைக்குள் என்னை இருத்தினார்கள். யன்னல் இல்லை. ஒரு பாய், பேய் அண்டாமலிருக்க ஒரு வேப்பங்கொத்து, ஒரு இரும்புத் துண்டு. ஆண்கள் யாரும் என்னைப் பார்க்கக் கூடாது, ஐயாவும்தான். விடியமுன் அம்மா என் தலையில் சீலையைப் போர்த்து வளவின் பின்பக்கம் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். மாமி, அதாவது ஐயாவின் அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தலையில் தண்ணீர் வார்த்தால்தான் துடக்கு, அந்தத் தீட்டு, கழியும், கதவு திறக்கும். பதின்மூன்றாம் நாளுக்கு நாள் வைத்தார்கள். அதற்குள் மாமிக்கும் காய்ச்சல். நாள் தள்ளிப்போனது. பிறகும் தள்ளிப்போனது.

முதலில் நான் சும்மா இருக்கவில்லை. மூட்டைகளை வகுப்புப் பிள்ளைகளாக வைத்துப் பாடம் நடத்தினேன். கணக்குச் செய்யாத மூட்டைக்கு இரண்டு அடியும் போட்டேன். தெரிந்த தேவாரம் எல்லாம் பாடி முடித்து, தெரிந்த தூசண வார்த்தை எல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பறைச் சத்தம் கேட்டால் மட்டும் அடங்கிவிடுவேன். கொலனியில் யாரோ செத்துவிட்டார்கள். யார் என்று கேட்டால் அம்மா சொல்லமாட்டார், இந்த நேரத்தில் செத்தவீட்டுக் கதை என் காதில் விழக்கூடாதாம். ஒவ்வொரு பறைக்கும் என்னோடு படித்த பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்து நினைத்துச் சாகடித்தேன்.

பிறகு அம்மாவும் காய்ச்சலில் விழுந்தார். ஐயா சோற்றுக் கோப்பையைக் கதவடியில் வைத்து, இரண்டு தரம் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு சொல் பேசமாட்டார். "ஐயா, நில்லுங்கோ" என்று ஒருநாள் கூப்பிட்டேன். அவர் நடந்த சத்தம் கொஞ்சம் விரைவானது.

இருபது நாளுக்குப் பிறகு எனக்குப் பாட்டு வரவில்லை. சோறு இறங்கவில்லை. பகலா இரவா என்று தெரியாமல் முழித்துக்கொண்டு கிடந்தேன். நெற்றியை மெல்ல மெல்லச் சுவரில் முட்டுவேன். நோகும்போது மட்டும் நான் இருக்கிறேன் என்று தெரிந்தது. எனக்கு விசர் பிடிக்கப்போகிறது என்பது எனக்கே நன்றாக விளங்கியது. பதின்மூன்று வயதில் அதை விளங்கிக்கொண்டு தனியே கிடப்பது என்னவென்று அந்தக் கலியாண வீட்டுக் கல்லுக்குத் தெரியுமா?

அம்மா எழும்பி நடமாடத் தொடங்கியதும் அவர் காலைப் பிடித்தேன். "அம்மா, ஆரெண்டாலும் தண்ணி வாக்கட்டும். பக்கத்து வீட்டு அக்கா வாக்கட்டும். என்னாலை ஏலாதம்மா."

"விசர்க்கதை கதையாதை. சொந்த மாமி உயிரோட இருக்க, ஆரோ வாக்கிறதே? ஊர் சிரிக்கும்."

அதன்பிறகு நான் வாய் திறக்கவில்லை. என்ன கேட்டாலும் பதில் வரவில்லை. உடனே பூசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் கதவுக்கு வெளியே நின்று மந்திரித்துக் கொடுத்த நூலை அம்மா என் கையில் கட்டினார். "பிள்ளை தனிய இருந்து பயந்திட்டுது" என்றார் பூசாரி. சரியாகத்தான் சொன்னார். தனியே இருந்து பயந்தவளுக்கு இவர்கள் கண்ட மருந்து, இன்னும் தனியே இருத்துவது! நூலைக் கட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

முப்பத்தெட்டாம் நாள் மாமி வந்தார். வெளிச்சத்துக்கு வந்ததும் கண் கூசி எனக்குத் தலை சுற்றியது. பெண்கள் பிடித்துக் கிணற்றடிப் பலகையில் இருத்தினார்கள். "என்ன அடக்கமான பிள்ளை, ஒரு சத்தமில்லை" என்றாள் ஒருத்தி. அவளைக் கடித்துக் குதறவேண்டும் போலிருந்தது. இத்தனை நாளும் மாமியைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஏறிட்டுப் பார்த்தால், காய்ச்சலில் தலைமயிர் கொட்டி, ஈர்க்கு மாதிரி நின்றார் மனுசி. செம்பை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினார்.

தண்ணீரை வார்த்துவிட்டு என் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினார். அப்படியே திரும்பி, வேலியோரம் நின்ற ஐயாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தனியே? உயிரில்லையடா. என்னாலை எழும்ப ஏலாது, எனக்காகப் பாத்துக்கொண்டு நிக்காதை, ஆரையெண்டாலும் கொண்டு தண்ணி வாத்துவிடு எண்டு கடிதம் போட்டனே. கிடைக்கேல்லையே?"

ஐயா நிலத்தைப் பார்த்தார். அம்மா ஐயாவைப் பார்த்தார்.

"எப்ப வந்தது?" என்று கேட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

"ஒன்பதாம் நாள்" என்றார் ஐயா. "நாங்கள் காட்டுக்கை வந்த சனம், பிள்ளை. மாமியும் வராமல் விட்டால், இனசனம் தள்ளி வைச்சிட்டுது எண்டு கொலனி முழுக்கக் கதைக்கும். அதுதான்..."

"நல்ல நேரத்தில அழாதையடி" என்று யாரோ என் தோளைப் பிடித்தார்கள். நான் அழவில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது போக இருபத்தொன்பது. பாட்டு நின்றது, சோறு மறுத்தது, சுவரில் முட்டியது எல்லாம் அந்த இருபத்தொன்பதுக்குள்தான்.

ஐயா நல்ல மனிதர். என்னை அடித்ததில்லை, படிக்க வைத்தார், கடைசிக் காலத்தில் என் கையால்தான் கஞ்சி குடித்தார். அவர் செத்தும் எவ்வளவோ வருடமாகிவிட்டது. அந்த இருபத்தொன்பது நாளை நான் அவருக்கு இன்னும் மன்னிக்கவில்லை.